தெரிந்து சேர்ந்தவர்

ரெஜினா படியேறி வந்தபோது தமயந்தி சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டரை மணி. சிங்காநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. யாராவது சொல்லி அனுப்பித்தான் ஆட்கள் வருவார்கள்.

"அக்கா, கம்பெனி பாத்துச் சொல்றவங்க நீங்கதானுங்களா?"

"உள்ள வாங்க. போன் எங்க?"

"கீழ சிக்னல்கிட்டயே ஆஃப் பண்ணிட்டனுங்க."

முப்பது வயதிருக்கும். போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வேதியியலில் முதுகலை. இரண்டு வருடமாக வேலை இல்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். வெர்டோனா என்ற நிறுவனம் அவளை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. செங்கப்பள்ளிக்கு அப்பால், பழைய மின்கலங்களை உடைத்து உள்ளே இருக்கும் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை.

"உங்களுக்கு என்ன நிறம்?" என்று தமயந்தி கேட்டாள்.

"மஞ்சளுங்க."

"எதுனால?"

ரெஜினா கொஞ்சம் கூசினாள். "கோபிப் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலைங்க்கா. பொம்பளைங்களுக்குத் தனி டாய்லெட் இருக்குதான்னு தேடினேன். ரெண்டே நிமிஷம்தான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒருத்தருமே கூப்பிடல. இப்ப இவிங்க கூப்பிட்டிருக்காங்க. மஞ்சள்னு தெரிஞ்சும் கூப்பிட்டிருக்காங்க. அதுதான் பயமா இருக்குது."

அந்த வருடங்களில் வேலை தேடும் எவரும் ஒரு நிறுவனத்தைப் பற்றித் தாமாக இணையத்தில் தேடுவதில்லை. இணையத்துக்குள் நுழைய ஆளுக்கு ஓர் எண் என்று ஆகிவிட்டிருந்தது. அந்த எண் எதைத் தேடியது, எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்ற விவரமெல்லாம் 'ஆர்வ அறிக்கை' என்ற பெயரில் விலைக்குக் கிடைத்தது. விண்ணப்பித்தவரின் அறிக்கையை நிறுவனங்கள் வாங்கிப் பார்த்தன. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதியதை மட்டும் படித்தவருக்குப் பச்சை. சம்பளம் தேதிக்கு வருமா, விடுப்பு கிடைக்குமா என்று தேடியவருக்கு மஞ்சள். விபத்து, வழக்கு, சங்கம் என்று போனவருக்குச் சிவப்பு. ஓர் இடத்தில் விழுந்த நிறம் எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

தமயந்தி சிவப்பு. அவளுக்கு அது தெரியாமல் விழுந்ததல்ல. ஒன்பது வருடம் ஒரு பம்ப்செட் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் அந்த அறிக்கைகளைப் படித்து நிறம் போட்டவள் அவள்தான். ஒருமுறை ஒரு ஃபிட்டர் விண்ணப்பித்திருந்தார். நல்ல கைத்திறன், பன்னிரண்டு வருட அனுபவம். ஆனால் அந்த நிறுவனத்தில் எப்போதோ நடந்த தீ விபத்துச் செய்தியைப் பதினோரு நிமிடம் படித்திருந்தார். "பதினோரு நிமிஷம்! மனப்பாடம் பண்ணிட்டானா?" என்று மேலாளர் சிரித்தார். தமயந்தியும் சிரித்துக்கொண்டே சிவப்புப் போட்டாள். மூன்று மாதம் கழித்து அவரை உக்கடம் பஸ் நிலையத்தில் பார்த்தாள். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு அவளைத் தெரியாது. "சூடா இருக்குதுங்க, வாங்கிக்கோங்க" என்றார்.

அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். பிறகு ஒருநாள் காலை முதல் மாலை வரை, தனக்குத் தெரிந்த நிறுவனங்கள் எல்லாவற்றின் விபத்துகளையும் வழக்குகளையும் சொந்த எண்ணிலேயே உட்கார்ந்து தேடினாள். மாலைக்குள் சிவப்பு விழுந்தது. இனி யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதால் அவளுக்கு எதையும் தேடுகிற சுதந்திரம் வந்துவிட்டது. அதன் பிறகு மற்றவர்களுக்காகத் தேடினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டில் இருந்தாள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் நிறம் ஒட்டும் என்பதால் அவன் அவளைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

"பத்து நாள் கழிச்சு வாங்க" என்று ரெஜினாவிடம் சொன்னாள். "அதுவரைக்கும் நீங்க அவங்க பக்கத்தை மட்டும் படிங்க. தினமும் கொஞ்ச நேரம். அது பச்சையில சேரும்."

ஒன்பது நாள் தேடினாள்.

வெர்டோனாவின் சொந்தப் பக்கங்கள் அழகாக இருந்தன. வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் பெண்கள், வேப்பங்கன்று நடும் விழா, மருத்துவ முகாம். தமயந்தி அதைத் தாண்டிப் பழைய வேலை விளம்பரங்களைத் தேடி எடுத்தாள். 'ஆய்வக உதவியாளர், பிரிப்புப் பகுதி' என்ற ஒரே வேலைக்கு நாலு வருடத்தில் ஏழு முறை ஆள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏழு மாதம், எட்டு மாதம்.

பிறகு அந்தத் தொழிலைப் பற்றிப் படித்தாள். மற்ற நாடுகளில் மின்கலத்தை உடைத்துத் தூளாக்கும் வேலையைக் காற்றுப் புகாத மூடிய அறைக்குள் இயந்திரக் கைகள் செய்தன. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. வெர்டோனா வெளிநாட்டிலிருந்து இறக்கிய இயந்திரங்களின் துறைமுகப் பட்டியல் பொதுவில் கிடைத்தது. அதில் உடைக்கும் இயந்திரம் இருந்தது. மூடிய அறை இல்லை.

கடைசியாக ஆட்களைத் தேடினாள். வேலைக்கான தன்விவரப் பக்கங்களில் வெர்டோனாவைக் கடைசி வேலையாகப் போட்டிருந்தவர்கள் பதினான்கு பேர். ஒரு வேலையை விட்டவர் பக்கத்தில் அடுத்து ஏதாவது இருக்கும். வேறு நிறுவனம், சொந்தத் தொழில், 'வேலை தேடுகிறேன்' என்ற ஒரு வரி. இந்தப் பதினான்கு பேருக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஐந்து பேருடைய வீட்டு எண்கள் கிடைத்தன. ஜெராக்ஸ் கடைக்காரரின் போனிலிருந்து அழைத்தாள். மூன்று வீடுகளில் படுக்கையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் எடுக்கவில்லை. ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் குரல், "அவரு தவறி ரெண்டு வருஷம் ஆச்சுங்களே, நீங்க யாருங்க?" என்று கேட்டது.

ரெஜினா சொன்ன நாளில் வந்தாள். தமயந்தி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரெஜினா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஏழாவது மாசத்துலதான் இருமல் ஆரம்பிக்குதுங்களா?" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது. சில பேருக்கு முன்னாலயும் இருக்கலாம். நீங்க போகாதீங்க."

"அக்கா, போலாமா வேண்டாமான்னு கேக்கறதுக்கு நான் வரலீங்க. எத்தனை மாசம் தாங்கும்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

தமயந்திக்குச் சட்டென்று புரியவில்லை.

"எம் பொண்ணு எஸ்தருக்குக் காது கேக்காதுங்க. அஞ்சு வயசு. காதுக்குள்ள கருவி வெக்கணும். ஆறு வயசுக்குள்ள வெச்சாத்தான் பேச்சு வருமாம். இவிங்க கம்பெனி மருத்துவக் காப்பீடு சேர்ந்த அன்னிக்கே குடும்பத்துக்கும் சேத்து ஆரம்பிச்சுருது. ஆபரேஷனுக்கு நாலு மாசம், காயம் ஆறி கருவியை ஓட்டிப் பாக்க ஒரு மாசம். ஆறாவது மாசம் நின்னுக்கறேன்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு. லேத்துப் பட்டறையில விரல் போனதுல இருந்து நானு கத்தி எடுத்துக் காய் நறுக்கினாலே பக்கத்துல வந்து நின்னுக்குவாரு." லேசாகச் சிரித்தாள். "நீங்க பாத்து நல்ல கம்பெனின்னு சொல்லிட்டீங்கன்னு சொல்லிக்கறேன். அதுக்கு மட்டும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

தமயந்தி அரை மணி நேரம் வாதாடினாள். வேறு நிறுவனங்களைத் தேடித் தருவதாகச் சொன்னாள். எஸ்தருக்கு ஆறு வயது முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று ரெஜினா விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். படியிறங்கும்போது, எந்த முகக்கவசம் அந்தத் தூளை அதிகம் தடுக்கும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. தமயந்தியும் கூப்பிடவில்லை. சிவப்பு எண்ணிலிருந்து ஓர் அழைப்பு போனாலே அது ஒரு தடயம்.

ஒன்றரை வருடம் கழித்து மெஹருன்னிசா என்ற வழக்கறிஞர் அந்த அறைக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், படியேறியதில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் ஒரு சம்மனை மேசைமேல் வைத்தார்.

"ரெஜினாவோட வக்கீல் நான். ஆனா இந்தச் சம்மன் நாங்க அனுப்பினதில்ல. கம்பெனி உங்களைச் சாட்சியாக் கூப்பிடுது."

"ரெஜினா எப்படி இருக்காங்க?"

"நுரையீரல் பாதிக்கு மேல இறுகிப்போச்சு. ஆக்ஸிஜன்லதான் இருக்கா. ஆறாவது மாசம் நிக்கணும்னு இருந்தாளாம். ஆபரேஷன் ஆச்சு, கருவியும் வெச்சாச்சு. ஆனா கருவி வெச்சா மட்டும் பேச்சு வராது, ஒரு வருஷம் பயிற்சி குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேலைய விட்டா பயிற்சிக்குக் காப்பீடு இல்ல. இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு பதினோரு மாசம் ஓட்டிட்டா."

மெஹருன்னிசா சம்மனில் இருந்த வழக்கு எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"நஷ்டஈடு கேட்டுப் போட்டிருக்கோம். ஆயுசுக்கும் வைத்தியச் செலவு, குழந்தைக்குப் பயிற்சி. கம்பெனி தூசி இல்லைன்னு சொல்லல. வேற ஒண்ணு சொல்லுது. முன்னறிவுச் சட்டம் தெரியுமில்லையா? ஆபத்தைத் தெரிஞ்சுக்கிட்டே வேலைக்குச் சேர்ந்தவருக்கு நஷ்டஈடு கிடையாது."

"ரெஜினா எதையும் தேடலையே. அவங்க எண்ணுல ஒண்ணுமே இருக்காது."

"அவ எண்ணுல இல்ல. உங்க எண்ணுல இருக்கு. ஒன்பது நாள் வெர்டோனாவை மட்டும் தேடியிருக்கீங்க. அதுக்கு முந்தின நாள் ரெஜினாவோட போன் இந்த சிக்னல்ல அணைஞ்சு, ஒரு மணி நேரம் கழிச்சு இதே சிக்னல்ல உயிர் வந்திருக்கு. தேடி முடிச்ச மறுநாளும் அதே மாதிரி. அப்புறம் ஒரு வாரத்துல வேலையில சேர்ந்துட்டா." மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட வந்துட்டுப் போறவங்க யாருன்னு கம்பெனிகளுக்கு ரொம்ப நாளாவே தெரியும். சில கம்பெனி அவங்களை ஒதுக்கிரும். வெர்டோனா மாதிரி கம்பெனிங்க அவங்களைத் தேடி எடுத்துக்கும். தெரிஞ்சுக்கிட்டே வர்றவங்க வழக்குப் போட முடியாதில்ல?"

மூன்று வருடத்தில் தன்னிடம் வந்துபோன முகங்களைத் தமயந்தி நினைத்துப் பார்த்தாள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். நல்ல செய்தி என்று சந்தோஷமாகப் போய் வேலை கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், கெட்ட செய்தி என்று தெரிந்தும் வேறு வழியில்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

"நான் என்ன சொல்லணும்?"

"உண்மையைச் சொல்லணும். வேற எதையும் சொல்லுங்கன்னு நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்." அவர் எழுந்து நின்றார். "கண்டுபிடிச்சதை ரெஜினாகிட்ட சொல்லிட்டேன்னு நீங்க சாட்சி சொன்னா வழக்கு அன்னிக்கே முடிஞ்சிரும். அது உங்களுக்கு முன்கூட்டியே தெரியறது நல்லதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

தொழிலாளர் தீர்ப்பாயம் புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூடியது. சிறிய அறை. ரெஜினா சக்கர நாற்காலியில் இருந்தாள். மூக்கில் குழாய், மடியில் ஆக்ஸிஜன் கருவி. தமயந்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். பின்னால் நின்றிருந்தவன் அவள் கணவன் அற்புதராஜ். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் சுதர்சனம் மரியாதையானவர். குரல் உயர்த்தவே இல்லை.

"அம்மா, இந்த ஒன்பது நாள் நீங்கதான் தேடினீங்களா?"

"ஆமாங்க."

"யாருக்காக?"

"ரெஜினாவுக்காக."

"விளம்பரம் ஏழு தடவை வந்தது, பதினாலு பேர், இயந்திரப் பட்டியல். இதெல்லாம் நீங்க பாத்தது உண்மைதானே?"

"உண்மைதாங்க."

"பாத்ததை ரெஜினாகிட்ட சொன்னீங்க."

தமயந்தி வழக்கை விசாரித்த தீர்ப்பாய உறுப்பினரைப் பார்த்துச் சொன்னாள். "இல்லீங்க. சொல்லல."

சுதர்சனம் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "பின்ன என்ன சொன்னீங்க?"

"நல்ல கம்பெனி, தைரியமாப் போங்கன்னு சொன்னேன்."

"ஒன்பது நாள் தேடி இவ்வளவையும் கண்டுபிடிச்சிட்டு, எதுக்கும்மா அப்படிச் சொல்லணும்?"

இதற்கான பதிலை அவள் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள். "கெட்டதையே சொல்லிட்டிருந்தா யாருங்க வருவாங்க? நல்லதாச் சொன்னாத்தான் சந்தோஷமாப் போயி இன்னும் நாலு பேர அனுப்புவாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவேன். தேடறது நான் தெரிஞ்சுக்க. சொல்றது என் தொழில் நடக்க."

அறையில் யாரோ 'ச்சே' என்றார்கள். உறுப்பினர் ரெஜினா பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரிதானாம்மா? உங்ககிட்ட நல்ல கம்பெனின்னா சொன்னாங்க?"

ரெஜினா தமயந்தியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. வாய் திறந்து பேச முடியாமல் இரண்டு முறை மூச்சை இழுத்தாள். அற்புதராஜ் குனிந்து, "சொல்லு ரெஜி, எங்கிட்ட சொன்னியில்ல அன்னிக்கு" என்றான்.

"ஆமாங்க" என்றாள் ரெஜினா. "நல்ல கம்பெனின்னு சொன்னாங்க."

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஆயுளுக்கும் சிகிச்சையும், குழந்தையின் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு என்றானது. தமயந்தியின் தேடல் நம்பத்தகாத ஒருத்தியின் தேடல் என்றும், அதை வைத்து யாருடைய முன்னறிவையும் நிரூபிக்க முடியாது என்றும் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியைக் காட்டி இன்னும் சிலர் வழக்குப் போட்டதாகப் பிறகு மெஹருன்னிசா சொன்னார். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், வந்தவர்களை ஏமாற்றியதற்காகத் தமயந்திக்கு ஐந்து வருடத் தேடல் தடை. அவளுடைய எண்ணுக்கு இணையம் எந்தக் கேள்விக்கும் பதில் தராது.

செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று மாலையே மூன்று பேர் அந்த மாடிக்கு வந்து கத்தினார்கள். அதில் ஒருத்திக்குத் தமயந்தி நிஜமாகவே நல்ல நிறுவனம் என்று பார்த்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தாள், ஆனாலும் கத்தினாள். அந்த மாதத்தோடு ஜெராக்ஸ் கடைக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். தமயந்தி ஒண்டிப்புதூரில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கும் வேலைக்குப் போனாள். எண் கேட்காத வேலை.

நிறுவனத்துக்கு மேல்முறையீடு செய்ய இரண்டு வருட அவகாசம் இருந்தது. அதுவரை ரெஜினாவும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டாலும் கூட்டுச் சதி என்று வழக்கைத் திறந்துவிடுவார்கள். அதனால் தமயந்தி ஒன்று செய்தாள். ரெஜினா மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவினாசி சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவுக்கு வருவாள் என்று தெரிந்துகொண்டு, கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் அங்கே இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொள்வாள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சில நாள் எஸ்தரும் கூட வருவாள். "அம்மா, ஃபேன் சுத்துது. அம்மா, அந்தண்ணா தும்மறாங்க" என்று காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை டாக்டர் அறைக்குப் போகும் வழியில் ரெஜினா சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். மூச்சு வாங்குகிறது என்றாள். தமயந்தியின் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

பதினாறு மாதம் இப்படிப் போனது. பதினேழாவது மாதச் செவ்வாய்க்கிழமை ரெஜினா வரவில்லை. அற்புதராஜ் வந்தான், எஸ்தரும். ஆக்ஸிஜன் கருவியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கவுண்டரில் திருப்பிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது தமயந்தியைப் பார்த்தான்.

அவன் நேராக அவளிடம் வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அடித்தாலும் சரி என்று எழுந்து நின்றாள்.

"போன வாரம் வியாழக்கிழமை" என்றான். "போத்தனூர்லயே அடக்கம் பண்ணியாச்சு."

தமயந்தி தலையை மட்டும் அசைத்தாள்.

"நீங்க இங்க வர்றது எனக்குத் தெரியும். நாலஞ்சு தடவை பாத்தேன். மூஞ்சில காறித் துப்பணும்னு இருந்துச்சு. அவதான் கையைப் புடிச்சுக்குவா. கடைசில ஒருநா, 'அந்தக்கா மேல கோவப்படாதீங்க'ன்னு சொன்னா. ஏன்டீன்னு கேட்டேன். அழுதா. மூச்சு முட்டுச்சு, நான் அதுக்கு மேல கேக்கல." கையிலிருந்த ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தான். "எதுக்கு அப்படிச் சொன்னா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. ஒருவேளை அவளுக்கே ஏதாவது தெரியுமோன்னு... தெரிஞ்சுதான் போனாளோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

எஸ்தர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு வயது. பெரியவர்கள் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க மனசு நல்ல மனசுங்க. அதுனால சொல்லியிருப்பாங்க" என்றாள் தமயந்தி. "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நிஜமாவா?"

"நிஜமாங்க."

"நீங்க மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தா போயிருக்க மாட்டா. இல்லீங்களா?"

"போயிருக்கவே மாட்டாங்க" என்றாள் தமயந்தி.

அற்புதராஜ் குழந்தையை அழைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். படியில், "அந்தம்மா யாருப்பா?" என்று எஸ்தர் கேட்டது உள்ளே வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை.